தரங்கம்பாடியில் ஒதுங்கிய ஓங்கிலின் கொழுப்பை ஏன் அறுத்தெடுத்தார்கள்?

ஓங்கில், அதாவது டால்பின், பற்றித் தரங்கம்பாடித் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "போன மாசம் எங்க ஊர்க் கரையில செத்த ஓங்கில் ஒண்ணு ஒதுங்குச்சு ஐயா. வனத்துறைக்காரங்க வந்தாங்க, கால்நடை டாக்டர் அறுத்துப் பார்த்தாரு. கூட வந்த ரெண்டு பேரு வயித்தோரம் கொழுப்பை ஒரு துண்டு வெட்டி அலுமினியத் தாள்ல சுத்திக்கிட்டாங்க, பல்லும் ஒண்ணு பிடுங்கினாங்க. கேட்டா, மருந்து எவ்வளவு இருக்குன்னு பார்க்கறோம், வருஷா வருஷம் பார்க்கணும்னாங்க. செத்ததுக்குள்ள என்ன மருந்து? அதை ஏன் வருஷா வருஷம் பார்க்கணும்? நாங்க தின்னுற மீன்லயும் அது இருக்கா?"

தம்பி, அவர்கள் சொன்னது வைத்தியர் தரும் மருந்தை அல்ல. நம் டெல்டாவில் மருந்து என்றால் வயலுக்கு அடிப்பதுதானே, அதைத்தான். அதோடு மின்மாற்றி எண்ணெயில் இருந்த பி.சி.பி., கப்பல் பெயின்டில் கலந்த வெள்ளீயச் சேர்மம், பாதரசம் என்று பட்டியல் நீளும். ஆனால் நம் ஊர்க் கதை வயலிலிருந்துதான் தொடங்குகிறது. நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கொள்ளிடக் கரை. சின்ன வயதில் அப்பா சம்பா வயலுக்கு பி.எச்.சி. என்ற பூச்சிமருந்துப் பவுடர் தூவுவார். சாம்பலும் வெள்ளையும் கலந்த பொடி. அதைப் பழைய வேட்டித் துணியில் தளர்வாகக் கட்டி, ஒரு கழியின் நுனியில் மாட்டிக்கொண்டு விடியற்காலையில் வரப்பில் நடப்பார். பனி ஈரம் இருக்கும்போது தட்டினால்தான் பொடி பயிரில் ஒட்டும். மக்கிப்போன வாடை ஒன்று தெருவரை வரும். அம்மா உடனே கொத்தமல்லி காயும் முறத்தை உள்ளே எடுத்துப்போய்விடுவாள். காற்றில் வருகிறது என்பது அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. விஞ்ஞானம் அதை எண்ணாக எழுதியது பிறகுதான்.

எழுதியது நம் பக்கத்திலேயே. கொள்ளிடத்தைத் தாண்டி, பிச்சாவரத்துக்கு வடக்கே, வெள்ளாறு கடலில் சேரும் இடம் பரங்கிப்பேட்டை. அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. 1980களின் கடைசியில் அங்கிருந்த அண்ணாமலை சுப்பிரமணியனும் மாணவர்களும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்துத் தனாபே, தத்சுகாவா குழுவோடு சேர்ந்து வேலை செய்தார்கள். வயலில் அடிக்கும் பி.எச்.சி. எங்கே போகிறது என்று காற்று, நீர், மண் எல்லாவற்றிலும் அளந்தார்கள். 1991-இல் வந்த கணக்கின்படி, வெள்ளாற்றுப் படுகையில் வயலுக்குப் போட்டதில் 99.6 சதவீதம் ஆவியாகிக் காற்றோடு போய்விட்டது. ஆற்றோடு முகத்துவாரத்துக்கு வந்தது 0.4 சதவீதம்தான். நம் வெயிலும் தேங்கிய வயல் தண்ணீரும் சேர்ந்தால் அப்படி.

"அப்பாடா, கடல் தப்பித்தது" என்று நினைக்கத் தோன்றும். நம் கடல் ஓரளவு தப்பித்தது உண்மைதான். காற்றோடு போனது வடக்கே குளிர்ந்த இடங்களில் போய் இறங்கியது. யாரும் நாற்று நடாத ஆர்க்டிக் கடலின் தண்ணீரில், வெப்ப நாட்டுக் கடல்களைவிட ஆல்ஃபா வகை பி.எச்.சி. அதிகமாக இருந்ததற்கு இதுதான் காரணம். குளிரில் படிவதும் வெயிலில் எழும்புவதுமாகப் பாத்திரத்தில் வடிப்பது போன்ற வேலை, உலக அளவில் நடந்திருக்கிறது.

இப்போது உங்கள் ஓங்கிலுக்கு வருவோம். அதே குழு, 1990களின் தொடக்கத்தில் பரங்கிப்பேட்டைப் பக்கம் மீனவர் வலையில் சிக்கிச் செத்த ஓங்கில்களின் கொழுப்பைச் சோதித்து 1993-இல் வெளியிட்டது. துள்ளிச் சுழலும் ஸ்பின்னர் வகை, பாட்டில்நோஸ் வகை, கரையோரமே திரியும் கூன்முதுகு வகை என மூன்று. நாட்டிலேயே அதிகம் அடிக்கப்பட்ட மருந்து பி.எச்.சி.; ஆனால் கொழுப்பில் முதலிடம் அதற்கில்லை, டி.டி.டி. என்ற இன்னொரு பூச்சிமருந்துக்கு. ஏன் என்பதற்கு மேலே சொன்ன 99.6-தான் விடை. டி.டி.டி. அவ்வளவு சுலபமாகப் பறக்காது. மண்ணோடு ஒட்டி, வண்டலோடு இறங்கி, கடலில் தங்கிவிடும்.

கொழுப்பை ஏன் வெட்டினார்கள் என்றால், இவையெல்லாம் தண்ணீரில் கரையாமல் எண்ணெயில் கரைகிற சாமான்கள். கடல்நீரில் இருப்பது கண்டுபிடிக்கவே சிரமமான துளி. அது மிதவை உயிரில் ஏறும், அதைத் தின்னும் நெத்திலியில் இன்னும் கொஞ்சம், நெத்திலியைத் தின்னும் கணவாயில் இன்னும் கொஞ்சம். மீனுக்காவது செவுள் வழியாகக் கொஞ்சம் தண்ணீருக்கே திரும்பப் போய்விடும். ஓங்கில் நம்மைப்போல் காற்றை மூச்சாக இழுப்பது. அதற்கு அந்த வழியும் இல்லை. அதன் ஈரலில் பி.சி.பி.யை உடைக்கிற நொதியும் பலவீனம். ஆக, வந்தது வந்ததுதான். பசிபிக் கடலில் வரி ஓங்கில்களை வைத்து 1984-இல் தனாபே போட்ட கணக்கில், கடல்நீரில் இருக்கும் பி.சி.பி. அளவைப்போல் ஓங்கிலின் உடம்பில் ஒரு கோடி மடங்குக்கும் மேல் இருந்தது. கடலை அளக்கக் கடல்நீரை மொள்ளுவதைவிட ஓங்கிலைப் பார்ப்பது சுலபம் என்கிற நிலை.

வருஷா வருஷம் எதற்கு என்ற கேள்விதான் முக்கியம். பலரும், படித்தவர்கள்கூட, சறுக்குகிற இடம் இது.

ஒரு ஓங்கிலில் இவ்வளவு விஷம் என்று ஒரு எண் வந்தால் பத்திரிகையில் தலைப்பு போடலாம். அதற்குமேல் அந்த எண்ணால் பெரிய உபயோகம் இல்லை. ஏனென்றால் அந்த எண் கடலைப் பற்றி மட்டும் பேசவில்லை, அந்தத் தனி ஓங்கிலைப் பற்றியும் பேசுகிறது. ஆணாக இருந்தால் வயது ஏற ஏறக் கூடிக்கொண்டே போகும். பெண்ணாக இருந்தால், முதல் குட்டி போடும்வரை கூடும். பிறகு சரசரவென்று இறங்கும். தாயின் கொழுப்பு பாலாக இறங்கும்போது, சேர்த்து வைத்த மருந்தும் பாலோடு இறங்கிவிடுகிறது. பெரும்பகுதி போய்ச் சேர்வது தலைச்சன் குட்டிக்கு. இரண்டாவது மூன்றாவது குட்டிகளுக்கு வருவது மிச்சம்தான். இதை முதன்முதலில் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தலைச்சன் பிள்ளையைக் கொண்டாடுகிற ஊரில் பிறந்தவன் நான்.

ஆகவே ஒரு வருஷம் கிழட்டு ஆண் ஒதுங்கி, அடுத்த வருஷம் நாலு குட்டி போட்ட பெண் ஒதுங்கினால், எண் பாதிக்கும் கீழே வரும். கடல் சுத்தமாகிவிட்டது என்று யாராவது அறிக்கை விடுவார். கடல் அப்படியேதான் இருக்கும். இதனால்தான் பல்லைப் பிடுங்கினார்கள். பல்லை நெடுக்காக அறுத்து, அமிலத்தில் ஊறவைத்து, சாயமேற்றிப் பார்த்தால் உள்ளே படிப்படியாகக் கோடுகள் தெரியும். மரத்தின் வளையம் மாதிரி, வருஷத்துக்கு ஒன்று. வயது தெரிந்தால்தான் ஒரே வயது ஆணை ஒரே வயது ஆணோடு ஒப்பிடலாம்.

இன்னொரு சிக்கல், உடம்பு மெலிந்து செத்ததா, நன்றாக இருந்தது வலையில் மூச்சுமுட்டிச் செத்ததா என்பது. நோய் வந்து பட்டினி கிடந்த ஓங்கில் கொழுப்பைக் கரைத்துத் தின்றுவிடும். கொழுப்பு குறையும், அதிலிருந்த மருந்து குறையாது. மிச்சக் கொழுப்பில் அளவு ஏறும். ஒரு பகுதி ரத்தத்துக்குப் போய் நோயை இன்னும் முற்றவைக்கும். 1990 முதல் 1992 வரை மத்தியதரைக் கடலில் வரி ஓங்கில்கள் ஒருவகை வைரஸ் நோயால் கூட்டம் கூட்டமாகச் செத்தன. செத்தவற்றில் பி.சி.பி. மிக அதிகம். மருந்து அதிகம் இருந்ததால் நோயெதிர்ப்பு குறைந்து செத்தனவா, நோயில் மெலிந்ததால் அளவு ஏறித் தெரிந்ததா என்று பிரிக்க எவ்வளவு மல்லுக்கட்டினார்கள்! நோய்க்கு முந்தைய வருஷங்களின் மாதிரிகள் கையில் இருந்ததால்தான் ஓரளவாவது பேச முடிந்தது.

மாதிரி எடுப்பதிலும் ஒழுங்கு உண்டு. மேல்தோலிலிருந்து சதை வரை முழுக் கனமும் வரும்படி வெட்ட வேண்டும். கொழுப்பின் வெளி அடுக்கும் உள் அடுக்கும் ஒன்றல்ல, உள் அடுக்குதான் அடிக்கடி கரைந்து நிரம்புவது. பிளாஸ்டிக் பையில் போடக்கூடாது, பையிலிருக்கும் ரசாயனமே மாதிரியில் ஏறிவிடும். அதனால்தான் அலுமினியத் தாள், அதுவும் கரைப்பான் ஊற்றிக் கழுவிக் காயவைத்தது. ஆய்வகத்தில் கொழுப்பை உப்போடு சேர்த்து அரைத்து, ஹெக்ஸேன் என்ற கரைப்பானில் மணிக்கணக்கில் வடித்து, எண்ணெயை நீக்கி, கடைசியில் ஒரு மைக்ரோலிட்டரை, சேர்மங்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் வாயு நிறப்பகுப்பிக் கருவியில் ஏற்றினால் காகிதத்தில் குன்றும் மேடுமாகக் கோடு வரும். முடிவை எப்போதும் ஒரு கிலோ கொழுப்புக்கு இத்தனை மில்லிகிராம் என்றுதான் சொல்ல வேண்டும். இறைச்சிக் கணக்கில் சொன்னால் ஒப்பிடவே முடியாது.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம், வைத்துக் காப்பது. ஜப்பான்காரர்கள் 1960களிலிருந்து சேர்த்த மாதிரிகளை எஹிமேயில் ஒரு வங்கியாகவே வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1989 முதல் கடல் பாலூட்டிகளின் திசுக்களைத் திரவ நைட்ரஜன் குளிரில் வைக்கிறார்கள். பணத்தைத் தண்ணீராய் இறைப்பது போலத் தெரியும். பலனைக் கேளுங்கள். சோபாவிலும் டிவி பெட்டியிலும் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் புரோமின் சேர்மங்கள் உடம்பில் ஏறுகின்றன என்ற கவலை பெரிதானது 1990களின் கடைசியில். அதற்குள் பல வருஷம் போய்விட்டதே, எப்போது ஏறியது என்று யாருக்குத் தெரியும்? எஹிமே வங்கியில் 1972 முதல் 1998 வரை பிடித்த வடபசிபிக் கடல்நாய்களின் கொழுப்பு இருந்தது. எடுத்து அளந்தார்கள். 1972-இல் சொற்பம், 1990களின் தொடக்கத்தில் உச்சம், பிறகு இறக்கம் என்று முழுக் கதையும் வந்துவிட்டது. கொழுப்பை உறையவைத்தவர்களுக்கு அந்த ரசாயனத்தின் பெயரே தெரிந்திருக்காது.

நம் பக்கத்துக் கதை ஒன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பழக்கமான ஒரு ஆய்வகத்தில், பெயர் வேண்டாம், நானும் சேர்ந்து சேகரித்த பதினோரு துண்டுகள் ஒரு உறைபெட்டியில் இருந்தன. 2018 நவம்பரில் வேதாரண்யத்தில் கஜா புயல் கரையேறியது ஞாபகம் இருக்கும். மின்கம்பங்கள் வரிசையாகப் படுத்தன. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க யாரிடம் கையெழுத்து வாங்குவது என்பது முடிவாவதற்குள் ஒன்பது நாள். நான் போய்த் திறந்தபோது அலுமினியப் பொட்டலங்கள் மஞ்சள் எண்ணெயில் மிதந்தன. மூடியில் பென்சிலால் நான் எழுதிய தேதிகள் மட்டும் நன்றாக இருந்தன. ஊரே கூரையில்லாமல் நின்றபோது இதற்கா அழுவது என்று பேசாமல் வந்துவிட்டேன். ஆனால் அந்த வருஷங்களின் ஓங்கில்கள் இனி செத்துக் காட்டப் போவதில்லை.

சரி, தொடர்ந்து பார்த்தால் என்ன தெரியும்? தடை வேலை செய்கிறதா என்பது தெரியும். நம் நாட்டில் விவசாயத்துக்கு டி.டி.டி. 1989-இல் தடையானது, கொசு ஒழிப்புக்கு மட்டும் விட்டுவைத்தார்கள். பி.எச்.சி. 1997 ஏப்ரலில் போனது. எண்டோசல்ஃபானை 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. இத்தகைய ரசாயனங்களுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் இந்தியா 2006-இல் முறைப்படி சேர்ந்தது. அரசாணை காகிதத்தில் இருக்கிறது. கடையில் இல்லை என்பதற்கு என்ன சாட்சி? கொழுப்பு சொல்லும். டி.டி.டி. உடம்பிலும் மண்ணிலும் உடைந்து டி.டி.இ. ஆகும். மொத்தத்தில் டி.டி.இ. பங்கு வருஷா வருஷம் கூடினால் பழைய சரக்கு கரைகிறது என்று அர்த்தம். உடையாத டி.டி.டி. பங்கு திடீரென்று ஏறினால், எங்கோ யாரோ புதிதாக அடிக்கிறார்கள். பி.எச்.சி.யிலும் இப்படியே. அது ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா என்று ஒரு குடும்பம். பூச்சியைக் கொல்வது காமா மட்டும். மூட்டையில் அது நூற்றுக்குப் பத்துப் பதினைந்துதான், மற்றதெல்லாம் சும்மா கூட வந்த கூட்டம். அந்தக் கூட்டத்தில் பீட்டா, உடம்பை விட்டுப் போகவே போகாது. பீட்டா மட்டும் மிஞ்சியிருந்தால் பழைய பாவம் என்று படிக்கலாம்.

தடை போட்டும் எண் இறங்காமல் நிற்பதும் உண்டு, அதையும் இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். பிரிட்டனில் 1990 முதல் கரையொதுங்கும் ஓங்கில், திமிங்கலங்களை விடாமல் சோதிக்கிறார்கள். அங்கே பி.சி.பி. 1981-லேயே தடை. ஆனால் 2016 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் டைரீ தீவில் செத்து ஒதுங்கிய லூலு என்ற கொலைத் திமிங்கலத்தின் கொழுப்பில், கிலோவுக்கு 957 மில்லிகிராம் பி.சி.பி. இருந்தது. கடல் பாலூட்டிகளுக்குப் பாதிப்பு தொடங்கும் அளவாக 2000-இல் ஒரு எண் முன்வைக்கப்பட்டது: கிலோவுக்கு 17 மில்லிகிராம். அதைக் கணக்கிட்ட குழுவின் தலைவர், தமிழ்நாட்டிலிருந்து எஹிமே போய்ப் படித்த குருந்தாசலம் கண்ணன். லூலு இருபது வயதாவது ஆன பெண். ஒரு குட்டியும் போட்டதில்லை. இந்தியாவில் பி.சி.பி.க்கு 2016-இல் ஆணை வந்தது, 2025 டிசம்பர் கடைசியோடு உபயோகம் முற்றும் நிற்க வேண்டும் என்று கெடு. பழைய மின்மாற்றிகள் காயலான் கடையில் எப்படி உடைக்கப்படுகின்றன, எண்ணெய் எங்கே ஊற்றப்படுகிறது என்பதைப் பொறுத்துத்தான் அது நம் கடலில் தெரியும்.

கொழுப்பு எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்றும் நினைக்காதீர்கள். இன்று நம் வயல்களில் அடிப்பது பெரும்பாலும் வேறு வகை. குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் கொழுப்பில் வருஷக்கணக்காகத் தங்காது, சீக்கிரம் உடையும். அதனால் அலுமினியத் தாளில் சுற்றிய துண்டில் அவை பெரும்பாலும் தெரியாது. தெரியாததால் ஆபத்தில்லை என்று சொல்ல முடியாது. 2018-இல் வந்த ஒரு மரபணு ஆய்வு, நம் உடம்பில் இந்த மருந்துகளின் விஷத்தை முறிக்க உதவும் பான்-1 என்ற மரபணு, ஓங்கில்களிலும் திமிங்கலங்களிலும் கடற்பசுவின் உறவான மனாட்டியிலும் செயலிழந்து கிடப்பதைக் காட்டியது. நிலத்தை விட்டுக் கடலுக்குப் போன பரம்பரைகளில் தனித்தனியே அது அறுந்திருக்கிறது. அதனால் ரத்தமும் ஈரலும் புதிதாகக் கிடைத்தால் அதையும் எடுக்க வேண்டும். பாதரசத்துக்கும் ஈரல்தான், வயதான ஓங்கிலின் ஈரலில் அது செலினியத்தோடு சேர்ந்து நுண்ணிய படிகமாகவே உறைந்திருக்கும்.

ஈரல் என்றதும் தெற்கே ஒரு எட்டு. சேதுபாவாசத்திரம், மல்லிப்பட்டினம் பக்கம் ஆவுளியா என்கிறார்களே, கடற்பசு, அதற்காகத் தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் காப்பிடமாக அறிவித்தார்கள். அது கடற்புல் மேய்வது. உணவுச் சங்கிலியின் அடிப்படியில் நிற்பதால் டி.டி.டி., பி.சி.பி. எல்லாம் அதில் குறைவாகவே ஏறும். ஆனால் புல்லோடு சேற்றையும் விழுங்குவதால் உலோகங்களை அதன் ஈரலில் தேட வேண்டும். மேய்கிறதையும் வேட்டையாடுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க டெல்டாக் கடற்கரையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. ஓங்கிலில் இருக்கும் அளவு நீங்கள் தின்னும் மீனில் இருக்காது. ஓங்கில் இருபது முப்பது வருஷம் தினமும் மீனையே தின்று சேர்த்தது அது. நெத்திலி, மத்தி, சூடை எல்லாம் குறுகிய வாழ்க்கை, சங்கிலியின் அடியில் இருப்பவை. கவலை மீனைக் கவலையில்லாமல் சாப்பிடலாம் என்று நான் சொல்வது வழக்கம். எங்கள் வீட்டில் யாரும் சிரிப்பதில்லை. கவனம் வேண்டியது பெரிய சுறா, பெரிய சீலா, கொப்பரன் மாதிரி வேட்டை மீன்களில், அதுவும் பாதரசத்துக்காக. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு வைக்காதே என்று சொன்னால் என் அக்காவே என்னை வீட்டுக்குள் விடமாட்டாள், சொல்லவும் இல்லை. பால்சுறா சின்ன சாதி. அளவாக வைக்கலாம். பெரிய சுறாவை வெட்டிப் பால்சுறா என்று விற்பதை மட்டும் வாங்காதீர்கள். கர்ப்பிணிகள் பெரிய வேட்டை மீனைத் தவிர்ப்பது நல்லது.

ஒன்றை வெளிப்படையாகவே சொல்கிறேன். ஓங்கில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதனால் வலையில் தெரியாமல் மாட்டிச் செத்தால்கூட, கேஸ் வந்துவிடுமோ என்று நம்மவர்கள் வலையை அறுத்துக் கடலிலேயே விட்டுவிடுகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கரைக்கு வருவது பெரும்பாலும் நோயாளியும் அழுகியதுமாகவே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 1990களில் பரங்கிப்பேட்டைக்காரர்களுக்குக் கிடைத்தது வலையில் மாட்டிய நல்ல உடம்புகள். அழுகியதை வைத்து அதோடு ஒப்பிட்டால் கணக்கு இடறும். மீனவரைப் பயமுறுத்தாமல் சொல்லவைக்க ஒரு வழி பிறக்காதவரை இந்தக் கண்காணிப்பு நொண்டித்தான் நடக்கும்.

அடுத்த முறை ஒதுங்கினால் வெறுங்கையால் தொடாதீர்கள், மனிதருக்குத் தொற்றும் கிருமிகள் அதில் இருக்கலாம். வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் வருவதற்குள் படம் எடுத்து வையுங்கள்: முழு உடம்பு, முதுகுத் துடுப்பு, வலைத் தழும்பு இருந்தால் அதுவும். வயிற்றுப் பக்கம் தெரிந்தால் அதையும் எடுங்கள். நடுவில் ஒரு நீளப் பிளவும் அதன் இருபுறம் சின்னச் சின்னப் பால் பிளவுகளும் இருந்தால் பெண். நீளம் அளக்கும்போது உடம்பின் வளைவோடு நாடாவை ஓட்டாதீர்கள். மேல்தாடை நுனியிலிருந்து வால் நடுவில் இருக்கும் பிளவு வரை, பக்கத்தில் மணலில் நேர்கோடாக. நாடா இல்லையென்றால் வலைக் கயிற்றில் இரண்டு முடிச்சு போட்டு வைத்திருங்கள், வருகிறவர்கள் அளந்துகொள்வார்கள்.